ஒன்பதரை நிமிட விண்ணப்பம்: சமயம் எது, ஆன்மிகம் எது என்று வீட்டிலேயே பார்க்கும் முறை

போன வருசம் கனடாவிலிருந்து வந்த என் பெறாமகளை, தங்கச்சி மகளை, எங்கள் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். கோட்டைக்குள் மான்களுக்குப் பக்கத்தில் நடக்கும்போது, "பெரியம்மா, எனக்குச் சமயமெல்லாம் இல்லை, ஆன்மிகம் மட்டும்தான்" என்றாள். பதினைந்து வருசமாக வெள்ளிக்கிழமைகளில் அந்த ஏற்றம் ஏறுகிறவள் நான். கொஞ்சம் சுட்டது. வீட்டுக்கு வந்து தையல் மெஷினில் இருந்தபோதுதான் யோசித்தேன்: அப்போ எனக்கு இருப்பது எது? ஒரு வாரம் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். நீங்களும் பார்க்கலாம், செலவில்லை.

புதிதாக ஒன்றும் தொடங்காதீர்கள். தியானம் பழகப் பாய் வாங்க வேண்டாம். ஏற்கனவே செய்கிற ஒன்றை எடுங்கள். நான் எடுத்தது, காலையில் சாமிப் படத்துக்கு விளக்கேற்றித் திருநீறு பூசுவது.

முதல் மூன்று நாளும் எதையும் கேட்காமல் கும்பிடுங்கள். சொல்லச் சுலபம். வழக்கமாக எனக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். அன்றைக்கு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது! மிச்சம் ஒன்பதரை நிமிடமும் விண்ணப்பம்தான்: மகனின் விசா, என் முழங்கால், சட்டை தைத்துக் காசு தராமல் போனவள். மூன்றாம் நாள், ஃபேன் காற்றில் சுடர் சாய்வதைப் பார்த்தபடி கொஞ்சம் கூட நின்றேன். அவ்வளவுதான், ஒளியெல்லாம் தெரியவில்லை.

அடுத்து, தெரிந்தவர்கள் வராத நேரத்தில் கோயிலுக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை அயர்ன் பண்ணின சேலையில் போகிறவள், செவ்வாய் பின்னேரம் வீட்டுச் சேலையோடு போனேன். யாரும் சுகம் விசாரிக்கவில்லை. அது இல்லாமல் வெறுமையாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஆனால் அந்த விசாரிப்பைக் குறைவாக நினைக்காதீர்கள். சமயம் என்பதில் பாதி அதுதான்.

கோயிலைவிட்டு இறங்கும்போதும் உங்களைக் கவனியுங்கள். நான் உண்டியலில் 500 ரூபாய் போட்டுவிட்டு வந்து, வெளியே பழம் விற்ற பிள்ளையோடு 20 ரூபாய்க்குப் பேரம் பேசினேன். அன்று என்னிடம் சமயம் நிறைய இருந்தது, மற்றது இல்லை.

ஆன்மிகம் மட்டும் போதும் என்கிறவர்களுக்குச் சோதனை மறுபக்கம். மனம் வந்தாலும் வராவிட்டாலும் ஏழு நாள் ஒரே நேரத்தில் ஒரு விளக்கு. பெறாமகளிடம் காலை ஐந்தரை என்றேன். இரண்டாம் நாளே தூங்கிவிட்டாள்.

சடங்கை நான் ஏன் விடமாட்டேன் என்றால், அதற்குக் காரணம் திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா என்கிற ஊர். என் கணவர் இறந்து 31ஆம் நாள் அங்கே வெந்நீர்க் கிணற்றடிக்குப் போனோம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்று எங்கள் சனம் சொல்லும். ஐயர் சொல்லச் சொல்ல மகன் எள்ளும் தண்ணீரும் விட்டான். நான் வாளியால் அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினேன். மூன்றாவது கிணற்றடியில்தான் அழுகை வந்தது, ஒரு மாதமாக வராத அழுகை. இது சமயமா, ஆன்மிகமா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி சொல்வார்கள். கோயில் கூட்டுவதும் பூக்கட்டுவதும் முதல் படி. அதை அரும்பு என்பார்கள், ஞானத்தைக் கனி என்பார்கள். அரும்பைக் கிள்ளிவிட்டுக் கனிக்குக் காத்திருக்க ஏலுமா?

எங்கள் கோணேசரையே பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தார்கள், புதுக் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். இடையில் கோயில் இல்லாத காலத்திலும் அந்தப் பாறை உச்சியில் நின்று கடலைப் பார்த்துப் பூவும் தேங்காயும் படைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கட்டடம் போனது, சடங்கு போகவில்லை.

போன கிழமை பெறாமகள் போன் எடுத்தாள். ஏழு நாளும் முடித்துவிட்டாளாம், மூன்றாவது முயற்சியில். என்ன தெரிந்தது என்று கேட்டேன். "ஒன்றும் தெரியவில்லை பெரியம்மா, நாலாம் நாள் புகை மணி அடித்துப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார்" என்றாள். திரியைக் குட்டையாக வை என்றேன்.