வீடு மாறப் போகிறீர்களா? சமையலறையிலிருந்து திட்டமிடுங்கள்

முதல்முறை வீடு மாறுகிறவர்கள் லாரியைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். எத்தனை அடி வண்டி, எவ்வளவு வாடகை என்பதே பேச்சாக இருக்கிறது. அவர்களிடம் நான் வேறு இரண்டு கேள்விகள் கேட்பேன். கடைசி இரண்டு நாள் எதில் சமைப்பீர்கள்? போய் இறங்கிய அன்று இரவு குழந்தைக்குப் பால் எதில் காய்ச்சுவீர்கள்? இவற்றுக்கு விடை வைத்திருந்தால் மீதி வேலைகள் அதற்கேற்ப வரிசைப்பட்டுவிடும். வீட்டில் கடைசி நிமிடம்வரை புழங்குவதும், புதிய இடத்தில் முதல் நிமிடத்திலேயே தேவைப்படுவதும் சமையலறை ஒன்றுதான்.

நாங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து தாம்பரத்துக்கு மாறியபோது செய்ததை வைத்தே இதை எழுதுகிறேன். நான்கு பேர், இரண்டு படுக்கையறை வாடகை வீடு. ஒரே ஊருக்குள் மாறுகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள்

ஒப்பந்தத்தில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். வீட்டு உரிமையாளரிடம் நேரில் சொன்ன பிறகு, அதையே ஒரு கடிதமாகவோ வாட்ஸ்அப் செய்தியாகவோ தேதியுடன் அனுப்பிவையுங்கள். அட்வான்ஸ் எப்போது, எப்படித் திரும்பக் கிடைக்கும் என்பதை அப்போதே பேசிவிட வேண்டும். வீட்டைப் பூட்டிச் சாவி கொடுக்கும்போது பேசினால், வண்ணம் அடிக்க இவ்வளவு, குழாய் மாற்ற இவ்வளவு என்று கணக்கு வளரும். குடிவந்த அன்று எடுத்த புகைப்படங்கள் இருந்தால் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் தெரியும் என்று பணிவாகச் சொன்னாலே பேச்சு சற்று இறங்கி வரும்.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கும் இதே வாரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 2: நாளைக் குறியுங்கள்

பால் காய்ச்சுவதையும் சாமான் ஏற்றுவதையும் ஒரே நாளில் வைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆடி, மார்கழியில் குடிபோக விரும்பாத குடும்பங்கள் முந்தைய மாதத்தில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமானைப் பிறகு வசதிப்படும் நாளில் கொண்டுபோவது வழக்கத்தில் உள்ளதுதான். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களிலும் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளிலும் வண்டிக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு வரும். மாதத்தின் நடுவில் ஒரு வார நாளைத் தேர்ந்தெடுத்தால் வேலையாட்கள் நிதானமாக வேலை செய்வார்கள். அந்த நிதானத்தில்தான் கண்ணாடிப் பொருள் பிழைக்கிறது.

படி 3: புதிய வீட்டுக்கு அளவு நாடாவுடன் போங்கள்

பீரோ, பிரிட்ஜ், கட்டில் ஆகியவற்றின் அளவை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். வாசற்படியின் அகலம், மாடிப்படி திரும்பும் இடம், லிஃப்ட்டின் உயரம் மூன்றையும் அளந்து பாருங்கள். சமையலறையில் மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ் மூன்றுக்கும் பிளக் எங்கே இருக்கிறது, தண்ணீர் எந்த நேரம் வருகிறது, லாரி வாசல்வரை வருமா, தெருமுனையிலேயே நின்றுவிடுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: கட்டுவதற்கு முன் கழியுங்கள்

பரணிலிருந்து தொடங்குங்கள். மூன்று வருடமாக இறக்காத மூட்டைக்குப் போக்குவரத்துச் செலவு செய்வது வீண். பழைய இரும்புக் கடைக்கு, தெரிந்தவர்களுக்கு, குப்பைக்கு என மூன்றாகப் பிரியுங்கள். பழைய நூல் புடவைகளையும் வேட்டிகளையும் மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். பொருட்களைச் சுற்ற அவற்றைவிட நல்ல துணி கிடையாது.

இந்த மாதம் மளிகையைக் குறைத்து வாங்குங்கள். இருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் தீரும்படி சமையுங்கள். எண்ணெய்த் தூக்கு லாரியில் கவிழ்ந்தால் பக்கத்திலுள்ள துணி மூட்டை அத்தனையும் போய்விடும்.

படி 5: லாரி பேசுவது

ஊருக்குள் மாறுகிற சிறு குடும்பம் என்றால் குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் டாட்டா ஏஸ் வண்டியை இரண்டு நடை அடித்தால் போதும். ஊர்விட்டு ஊர் போகும்போது சாமான் முழுவதும் ஒரே நடையில் போக வேண்டும். எனவே பெரிய லாரி தேவைப்படும். குறைந்தது மூன்று பேரை வீட்டுக்கு அழைத்துச் சாமானைக் காட்டித் தொகை கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் தொகையை நம்ப வேண்டாம்.

முந்தைய ஒரு மாற்றத்தில் நான் மிகக் குறைந்த தொகை சொன்னவரிடம் ஒப்படைத்தேன். புதிய வீட்டு வாசலில் லாரி நின்றதும், மூன்றாவது மாடி என்று சொல்லவில்லையே என்று கூடுதல் பணம் கேட்டார்கள். பேச்சு முடியும்வரை ஒரு சாமானும் இறங்கவில்லை. குழந்தைகள் படியில் உட்கார்ந்தே தூங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து இவற்றை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுப்பதில்லை: இரு வீடுகளும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, லாரி நிற்கும் இடத்திலிருந்து வாசலுக்கு எவ்வளவு தூரம், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி சேர்ந்ததா, சுங்கக் கட்டணம் யாருடையது, பொருள் உடைந்தால் என்ன செய்வார்கள், வேறு ஊர்ச் சாமானோடு கலந்து ஏற்றுவார்களா. மீதித் தொகை சாமான் இறங்கிய பிறகே.

படி 6: கட்டும் வரிசை

அரிதாகப் புழங்குவது முதலில், தினமும் புழங்குவது கடைசியில். பரண் பொருட்கள், கொலு பொம்மைகள், புத்தகங்கள், விசேஷத்துக்கு உடுத்தும் துணிகள், பிறகு மற்றவை. சமையலறை கடைசி.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் கொடுங்கள். எண்ணையும் அறையின் பெயரையும் பெட்டியின் இரண்டு பக்கவாட்டிலும் எழுத வேண்டும். மேல்மூடியில் மட்டும் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அந்த எண்ணுக்கு நேரே குறியுங்கள். புத்தகங்களைச் சிறிய பெட்டிகளில்தான் போட வேண்டும். பெரிய பெட்டி நிறைய அடுக்கினால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும்.

கொலு பொம்மை கட்டுவதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் உடைவது அதுதான். மண் பொம்மையில் பலவீனமான இடங்கள் கழுத்து, நீட்டிய கை, கையில் பிடித்திருக்கும் புல்லாங்குழல் போன்றவை. கைக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளியில் முதலில் மெல்லிய துணியைத் திணியுங்கள். கழுத்தைச் சுற்றி ஒரு துணிச் சுற்று. பிறகு முழு பொம்மையையும் நூல் துணியால் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் அச்சு மை வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பொம்மையைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, அகலமான பிளாஸ்டிக் வாளியிலோ பெட்டியிலோ இறக்கி, ஒன்றோடொன்று தட்டாதபடி இடையில் துணியை அடையுங்கள். பெட்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் இன்னும் துணி வேண்டும். என் அம்மாவுக்கு அவருடைய அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடியை மட்டும் நான் எந்தப் பெட்டியிலும் வைப்பதில்லை. கைப்பையில் என்னோடுதான் வரும்.

கட்டிலைக் கழற்றினால் அதன் போல்ட், நட்டு எல்லாவற்றையும் ஒரு சிறு துணிப்பையில் போட்டு, அந்தக் கட்டிலின் சட்டத்திலேயே இறுகக் கட்டுங்கள். தனியாக வைத்தால் புதிய வீட்டில் முதல் இரவு தரையில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

படி 7: கேஸ் இணைப்பு

உங்கள் ஏஜென்சியை இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். அருகிலுள்ள பகுதிக்கு மாறுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் இணைப்பின் பதிவை மட்டும் மாற்றித் தருவார்கள். வேறு ஊருக்குப் போகும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்பப் பெற்று, அதற்கான சான்றை வாங்க வேண்டும். அதைப் புதிய ஊர் ஏஜென்சியில் காட்டினால் இணைப்பு தொடரும். முன்பு நீங்கள் கட்டிய தொகைதான் திரும்பக் கிடைக்கும், புதிய இடத்தில் இன்றைய தொகையைக் கட்ட வேண்டும். அந்த வித்தியாசத்துக்குப் பணம் எடுத்து வையுங்கள். அடுப்பும் ரப்பர் குழாயும் உங்களுடையவை. சிலிண்டரை வீட்டுச் சாமானோடு லாரியில் ஏற்றவே கூடாது.

இங்கேதான் தொடக்கத்தில் கேட்ட கேள்வி வருகிறது. சிலிண்டரை ஒப்படைத்த பிறகும் இரண்டு நாள் சாப்பிட வேண்டுமே. ஒரு மின்சார அடுப்பு, அதற்கேற்ற பாத்திரம் இரண்டு, ஒரு கரண்டி, நான்கு தட்டு, நான்கு டம்ளர், கத்தி, தீப்பெட்டி. இவை மட்டும் வெளியே இருக்கட்டும். மற்ற சமையலறைப் பொருட்களைக் கட்டிவிடலாம். புதிய ஊரில் இணைப்பு கிடைக்கும்வரை அதே மின்சார அடுப்புதான் கைகொடுக்கும்.

படி 8: இயந்திரங்கள்

பிரிட்ஜை ஒரு நாள் முன்பே நிறுத்தி, பனி உருகிய நீரைத் துடைத்து, கதவைத் திறந்து காயவிடுங்கள். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். புதிய வீட்டில் வைத்ததும் உடனே போட வேண்டாம், சில மணி நேரம் நிற்கட்டும். வழியில் படுக்கவைத்துவிட்டார்கள் என்றால் ஒரு நாள் விடுங்கள். கம்ப்ரசரிலுள்ள எண்ணெய் திரும்பக் கீழே இறங்க அந்த அவகாசம் தேவை.

முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினுக்கு, வாங்கியபோது பின்புறத்திலிருந்து கழற்றிய நீளமான போல்ட்டுகளை மீண்டும் மாட்ட வேண்டும். மாட்டாமல் ஏற்றினால் உள்டிரம் ஆடி அடிபடும். ஏசியைக் கழற்ற, வாயு வீணாகாமல் வெளி யூனிட்டில் அடைக்கத் தெரிந்த மெக்கானிக்கையே அழையுங்கள். கிரைண்டரின் குழவியைத் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றிக் கட்டுங்கள். உள்ளேயே விட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கல்லின்மேல் கல் மோதும். இன்வெர்ட்டர் பேட்டரி சாயாமல் நிற்க வேண்டும்.

படி 9: ஏற்றும் நாள்

நகை, பத்திரங்கள், சான்றிதழ்கள், மருந்துகள் உங்கள் கையில். லாரியில் பீரோ, பிரிட்ஜ், மெஷின் போன்ற கனமானவை டிரைவர் கேபினை ஒட்டி முதலில் ஏறும். மெத்தைகளை அவற்றுக்கு இடையே அணைவாகச் செருகச் சொல்லுங்கள். சமையலறைப் பெட்டிகள் கடைசியில் ஏற வேண்டும். அப்போதுதான் அவை முதலில் இறங்கும். ஏற்றுபவர்கள் வரிசையைத் தாங்களே தீர்மானித்துவிடுவார்கள். எனவே ஒருவர் நோட்டோடு லாரியின் பின்னாலேயே நிற்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் மாலையில் ஏற்றினால் பெரம்பலூர், விழுப்புரம், செங்கல்பட்டு வழியாக விடியலில் தாம்பரம் வந்துவிடலாம். சென்னையில் கனரக வாகனங்களுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு உண்டு. லாரிக்காரரிடம் முன்பே கேட்டு நேரம் குறியுங்கள்.

கிளம்பும் முன் மின் மீட்டரைப் படம் எடுங்கள். டிஜிட்டல் மீட்டரின் திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே இருக்கும். யூனிட் எண்ணிக்கை வரும்வரை காத்திருந்து எடுத்து, அங்கேயே நின்று உரிமையாளருக்கு அனுப்புங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், பாதியில் காலி செய்கிறவர்களுக்கு இந்தப் படம்தான் ஆதாரம். கடைசியாகப் பரணையும் கதவின் பின்புறத்தையும் பாருங்கள். குடை அங்கேதான் தொங்கும்.

படி 10: இறங்கிய நாள்

விளக்கு, எண்ணெய், திரி, உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, பால் காய்ச்சும் பாத்திரம் எல்லாம் ஒரே பையில் உங்களோடு வந்திருக்கும். சமையலறைப் பெட்டிகள் இறங்கியதும் அவற்றைத்தான் முதலில் பிரியுங்கள். குடும்பம் சூடாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் மற்ற பெட்டிகள் ஒரு வாரம் காத்திருக்கும். அடுத்தது படுக்கை. வரவேற்பறையை அழகுபடுத்துவதெல்லாம் கடைசி.

அந்த வாரத்திலேயே ஆதார் முகவரியை மாற்ற விண்ணப்பியுங்கள். ஆதார் மாறிவிட்டால் வங்கி, காப்பீடு எல்லாம் எளிது. ரேஷன் அட்டை முகவரியை இ-சேவை மையத்தில் மாற்றலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

சாமான் இறங்க இறங்க நோட்டில் ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டே வாருங்கள். அடிபடாத எண் ஒன்று மிஞ்சினாலும் மீதித் தொகையைக் கொடுக்கும் முன் லாரிக்குள் ஏறிப் பாருங்கள். எங்களுக்கு 23ஆம் எண் மிஞ்சியது. ஓரத்தில் சுருட்டிக் கிடந்த தார்ப்பாயின் அடியில் அம்மாவின் ஊறுகாய் ஜாடிகள் இரண்டும் பத்திரமாக இருந்தன.