விற்பனைத் தராசை ஆய்வுக்கு முன் நீங்களே சோதிப்பது எப்படி?

ஆய்வாளர் வந்து தராசில் எடைக்கல்லை வைக்கும்போதுதான் பிழை தெரியவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அவர் செய்யும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை நாமே முன்கூட்டிச் செய்துவிடலாம். பன்னாட்டுச் சட்டமுறை எடையளவு அமைப்பு 1955இல் தொடங்கப்பட்டது. அதன் 76ஆம் பரிந்துரையைத் தழுவியே பல நாடுகள் தராசு விதிகளை வகுத்திருக்கின்றன. இங்கே வரும் தராசுக்கான பிழை வரம்புகள் அதிலிருந்து எடுத்தவை. எடுத்துக்காட்டாக 15 கிலோ வரை நிறுக்கும், 5 கிராம் படிகளில் காட்டும் மின்னணு மேசைத் தராசை வைத்துக்கொள்வோம்.

படி 1: பெயர்த்தகட்டைப் படியுங்கள்

உச்ச அளவு, குறைந்த அளவு, சரிபார்ப்புப் படி, துல்லிய வகுப்பு ஆகிய நான்கும் அதில் இருக்கவேண்டும். பிழை வரம்பைக் கணக்கிடும் அலகே சரிபார்ப்புப் படி; அதை ஆங்கிலச் சிற்றெழுத்து ‘e’ குறிக்கும். நம் தராசில் அது 5 கிராம். வகுப்பு ரோமன் எண்ணில் இருக்கும்: ஆய்வகத்துக்கு ஒன்று, நகை போன்றவற்றுக்கு இரண்டு, அன்றாட வணிகத்துக்கு மூன்று. நான்காம் வகுப்பை மட்டும் நான்கு கோடுகளாகவே எழுதுவார்கள். ரோமன் எண் முறையாகப் படித்தவர்களுக்குக் கண் உறுத்தும்.

குறைந்த அளவைப் பலர் கவனிப்பதே இல்லை. மூன்றாம் வகுப்பில் அது 20 சரிபார்ப்புப் படிகள், அதாவது நம் தராசுக்கு 100 கிராம். பயன்பாட்டில் உள்ள தராசுக்கு இந்தச் சிறிய எடைப் பகுதியில் 5 கிராம் வரை பிழை அனுமதி உண்டு. 50 கிராம் பொருளை இதில் நிறுத்தால் பத்தில் ஒரு பங்கு பிழையாகலாம், அதைத் தராசின் குற்றம் என்றும் சொல்ல முடியாது. சிறிய எடைக்குச் சிறிய தராசு வாங்குவதே வழி.

படி 2: முத்திரையைப் பாருங்கள்

முத்திரை அறுபடாமல் இருக்கிறதா, சரிபார்ப்புக் காலம் முடிந்துவிடவில்லையா என்று பாருங்கள். எத்தனை காலத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லும். தனியார் ஆய்வகம் தந்த அளவுத்திருத்தச் சான்றிதழ் சட்டப்படியான முத்திரைக்கு ஈடாகாது. எவ்வளவு நல்ல எண்ணத்தோடும் முத்திரையை நீங்களே பிரிக்காதீர்கள்.

படி 3: இடத்தைச் சரிசெய்யுங்கள்

அசையாத மேசை வேண்டும். ரசமட்டக் குமிழ் வட்டத்தின் நடுவில் நிற்கவேண்டும். மின்விசிறிக் காற்று தட்டில் படக்கூடாது. எடை காட்டும் திரை வாங்குபவருக்கும் தெரியவேண்டும். தராசை இயக்கியதும் சோதிக்காமல், கையேடு சொல்லும் நேரம் சூடேற விடுங்கள்.

தொலைவான ஊரிலிருந்து வந்த தராசா? மின்னணுத் தராசு உணர்வது பொருளின் மீதுள்ள புவியீர்ப்பு விசையை. ஒரு கிலோ பொருளுக்கு அது நிலநடுக்கோட்டில் 9.780 நியூட்டன், துருவத்தில் 9.832 நியூட்டன் என மாறுகிறது. ஒரு முனையில் சரிசெய்த தராசு மறுமுனையில் 10 கிலோவுக்கு 50 கிராமுக்கு மேல் தவறாகக் காட்டும். இருபக்கத் தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரு பக்கமும் விசை ஒரே அளவில் மாறுவதால்.

படி 4: பூச்சியமும் டேரும்

வெறும் தட்டில் பூச்சியம் நிற்கவேண்டும், எடையை இறக்கியதும் மீண்டும் பூச்சியத்துக்கே திரும்பவேண்டும். டேர் பொத்தானால் காலிக் கலத்தின் எடையைக் கழித்துப் பாருங்கள். உறையின் எடை பொருளின் விலையில் சேரக்கூடாது.

படி 5: மூலைச் சோதனை

நடுத்தட்டில் நன்றாகக் காட்டும் தராசு மூலையில் வழுக்குவது சாதாரணம். உச்ச அளவில் மூன்றில் ஒரு பங்கை, நமக்கு 5 கிலோவை, தட்டின் நான்கு கால்பகுதிகளிலும் மாறி மாறி வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பிழை, படி 6இல் வரும் வரம்புக்குள் இருக்கவேண்டும். வசதி இல்லாமல் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

படி 6: ஏற்றி இறக்குங்கள்

100 கிராம், 2.5, 5, 10, 15 கிலோ என ஏற்றி, அதே அளவுகளில் ஒவ்வொன்றாகக் குறைத்து இறக்கி, காட்டிய எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முத்திரையின்போது 2.5 கிலோ வரை 2.5 கிராம், 10 கிலோ வரை 5 கிராம், அதற்கு மேல் 7.5 கிராம் பிழை ஏற்கப்படும். பயன்பாட்டில் உள்ள தராசுக்கு இவை இரட்டிப்பு. எடைக்கல்லின் பிழை, சோதிக்கும் வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. எடைக்கற்களுக்கான துல்லிய வகுப்புகளில் ஒன்றான எம்1 வகுப்பில், 5 கிலோ கல்லின் பிழை 250 மில்லிகிராமுக்குள் இருக்கும், தாராளமாகப் போதும்.

5 கிராம் படிகளில் காட்டும் தராசில் 2 கிராம் பிழையை எப்படிக் காண்பது? 5 கிலோவை வைத்துவிட்டு, அரை கிராம் எடைகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள். பிழையற்ற தராசு 2.5 கிராம் சேர்ந்ததும் அடுத்த எண்ணுக்குத் தாவும். 1 கிராமிலேயே தாவினால் அது 1.5 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது. 4 கிராமில் தாவினால் 1.5 கிராம் குறைவாகக் காட்டுகிறது.

எல்லா அளவுகளும் வரம்புக்குள் இருந்தும், எல்லாப் பிழைகளும் விற்பவர் பக்கமே சாய்ந்திருந்தால்? அமெரிக்காவின் எடையளவுக் கருவி விதிகளைத் தொகுத்த 44ஆம் கையேடு இதை நேரடியாகவே மறுக்கிறது: ஒரே வணிக இடத்திலுள்ள கருவிகளின் பிழைகள் பெரும்பாலும் உரிமையாளருக்குச் சாதகமாக இருந்தால், அவை முறையாகப் பராமரிக்கப்பட்டவை ஆகா. பிழை அனுமதியை யாரும் லாபக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதே அதன் நோக்கம், நியாயமான நோக்கம்தான்.

படி 7: தவறினால்

தராசை உடனே விற்பனையிலிருந்து விலக்கி, ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதி ஒட்டுங்கள். உரிமம் பெற்ற பழுதுநீக்குபவரை அழையுங்கள். அவர் முத்திரையைப் பிரித்துச் சரிசெய்தால், மறுமுத்திரை விழும்வரை அதில் விற்க முடியாது. சோதனை நாள், வைத்த எடை, காட்டிய எடை ஆகியவற்றை எழுதிய தாளைப் பழைய சான்றிதழோடு கோப்பில் வையுங்கள். பிழை எந்த நாளிலிருந்து ஏறத் தொடங்கியது என்று பழுதுநீக்குபவர் கேட்பார்.