கனடாவுக்குப் புதிதா? முதல் ஒரு அளவு நாடா வாங்குங்கள்

கனடா மெற்றிக் நாடு என்று படித்துவிட்டு வந்திருப்பீர்கள். பாதி உண்மை. தெருவில் கிலோமீற்றர், வானிலைச் செய்தியில் செல்சியஸ், பெற்றோல் (இங்கே அதைக் 'காஸ்' என்பார்கள், சமையல் காஸ் என்று நினைத்துக் குழம்பாதீர்கள்) லீற்றரில். ஆனால் கதவைத் திறந்து வீட்டுக்குள் போனால் அடி, அங்குலம், இறாத்தல் (பவுண்ட்), பரனைட். எல்லாவற்றையும் மனதில் கிலோவாகவும் மீற்றராகவும் மாற்றிக்கொண்டே இருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். எந்தச் சாமானுக்கு எந்த அளவு என்று பிடித்துக்கொண்டால் போதும்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்பீர்கள். 1970இல் மெற்றிக்குக்கு மாறுவது பற்றி அரசாங்கம் வெள்ளை அறிக்கை வெளியிட்டது, 1971இல் மெற்றிக் ஆணைக்குழு அமைத்தது. 1975 ஏப்ரலில் வெப்பநிலை செல்சியசுக்கு வந்தது, 1977 செப்ரெம்பரில் நாடு முழுக்க வேகப் பலகைகளை மாற்றினார்கள், 1981இல் காஸ் பம்புகள் லீற்றருக்குப் போகத் தொடங்கின. அதோடு சனத்துக்குப் பொறுமை போய்விட்டது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேற்றிவ் கட்சி எம்பிக்கள் சிலர் ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் கார்ல்ரன் பிளேசில் லீற்றரை விட்டுப் பழைய கலன் (gallon) அளவில் காஸ் விற்கவென்றே ஒரு நிலையம் திறந்தார்கள் என்றால் பாருங்களேன். 1984இல் அந்தக் கட்சியே ஆட்சிக்கு வந்தது, அடுத்த வருடம் ஆணைக்குழுவையே மூடிவிட்டார்கள். வேலை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில்தான் நாடு இன்னும் நிற்கிறது.

நடுவில் 1983 யூலை 23ஆம் திகதி நடந்த கதையை இங்கே வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எயார் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767, கிலோவில் எரிபொருள் கணக்கிடும் விமானம். கிலோவுக்குப் பதில் இறாத்தல் கணக்கைப் போட்டதில், தேவையானதில் பாதியும் இல்லாமல் கிளம்பி, 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்துபோனது. விமானிகள் அதை மிதக்கவிட்டே கொண்டுபோய் மனிரோபாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். 69 பேரும் தப்பினார்கள்.

சரி, உங்கள் காசுக்கு வருவோம். கடையில் கோழிக்கால் 1.99 என்று பெரிதாகப் போட்டிருக்கும், பக்கத்தில் சின்னதாக 'எல்பி' என்று இருக்கும், அதுதான் இறாத்தல். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுப் பார்க்கவேண்டிய எழுத்தில், கிலோ 4.39 என்று இருக்கும். பில்லில் வருவது அந்தக் கிலோக் கணக்கு. வந்த முதல் மாதம் நான் பில்லைப் பார்த்துவிட்டுக் கல்லாவில் நின்ற பிள்ளையோடு சண்டைக்கே போனேன், பிழை என்னுடையதுதான். மனக்கணக்கு சுலபம்: இறாத்தல் விலையை இரட்டியுங்கள், வருவதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள், அதுதான் கிலோ விலை. சீஸ், சீவிய இறைச்சி விற்கும் இடத்தில் 100 கிராமுக்கு விலை போட்டிருப்பார்கள், மலிவு என்று ஏமாறாதீர்கள். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதில் ஒரு வசதி, ஒரு இறாத்தல் பாண் வாங்கி வளர்ந்தவர்கள், 450 கிராம் கைக்குத் தெரியும். தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்கள் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவன். நான் 180 என்று எழுதியிருந்த செய்முறையைப் பார்த்து ஓவனில் 180 வைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்தும் கேக் மா கூழாகவே இருந்தது, ஏனென்றால் ஓவன் பரனைட்டில் ஓடியது, அது வெறும் 82 செல்சியஸ்தான். 180 என்றால் இங்கே 350. அளவுக் கோப்பையும் பாருங்கள், கனடாக் கோப்பை 250 மில்லிலீற்றர், அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 237.

உயரத்தை அடியிலும் எடையை இறாத்தலிலும்தான் ஆட்கள் கதைப்பார்கள், ஆனால் ஒன்ராறியோ ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்தில் உயரம் சென்ரிமீற்றரில் இருக்கும். குழந்தையின் எடையை மட்டும் கிலோவில் எழுதி வைத்திருங்கள், மருந்தின் அளவை வைத்தியர் கிலோவுக்குத்தான் கணக்கிடுவார். அந்த மருந்தைச் சமையல் கரண்டியால் அளக்கவே வேண்டாம், கூட வரும், மில்லிலீற்றர் கோடு போட்ட ஊசியில்லாத குழலால் வாயில் கொடுங்கள்.

இப்போது அளவு நாடா. ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்ரிமீற்றரும் உள்ளதாக வாங்குங்கள். வாடகை வீட்டின் பரப்பு, யன்னல் திரை, மெத்தை, பலகை எல்லாம் அடியிலும் அங்குலத்திலும்தான். சுவருக்குள் நிற்கும் மரச்சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று இருக்கும், அதற்காகவே பல நாடாக்களில் ஒவ்வொரு 16க்கும் சிவப்பு அடையாளம் போட்டிருப்பார்கள், சாமிப்படம் மாட்ட ஆணி அடிக்கும்போது உதவும். இன்னொன்று, கடையில் 'ரூ பை ஃபோர்', அதாவது இரண்டுக்கு நான்கு அங்குலம் என்று விற்கும் மரச்சட்டத்தை வீட்டில் அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். ஏமாற்று இல்லை, சீவி மட்டம் பண்ணியபின் உள்ள அளவு. கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பதினாறில் ஒரு பங்கு வரைக்கும் அங்குலத்தை வாசிக்கப் பழகிவிட்டுப் போங்கள். பண்டகசாலை வேலை விளம்பரத்தில் 50 இறாத்தல் தூக்கவேண்டும் என்று இருந்தால் பயப்படவேண்டாம், நீங்கள் விமானத்தில் கொண்டுவந்த 23 கிலோ சூட்கேஸ்தான் அது.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இருக்கப்போகிறீர்கள் என்றால் இதையும் கேளுங்கள். லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபிஞ்ச் என்று வரும் பெரிய தெருக்களுக்கு இடையே ஏறக்குறைய 2 கிலோமீற்றர் இருக்கும். மெற்றிக்குக்காக அப்படிப் போடவில்லை, அந்தக் காலத்து நில அளவையாளர்கள் 66 அடிச் சங்கிலியால் நூறு சங்கிலி, அதாவது ஒன்றேகால் மைல் அளந்து போட்டது தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது. பஸ்சைத் தவறவிட்டால் ஒரு தெருவுக்கு 25 நிமிட நடை, பனி இல்லாவிட்டால்.

அப்புறம், அமெரிக்காவின் பஃபலோ பக்கம் காரில் போனால் எல்லை தாண்டியதும் பலகைகள் மைலில் இருக்கும், 65 என்றால் இங்கத்தைய 105. புதிய கார்களில் திரையை மைலுக்கு மாற்றலாம். திரும்பி வரும்போது மறக்காமல் மாற்றிவிடுங்கள், இங்கே 100 என்று போட்டிருக்கும் பலகையைப் பார்த்துத் திரையில் 100 மைல் ஓடினால் 160, பொலிஸ்காரருக்கு இந்தக் கதை எல்லாம் சொல்லி முடியாது.