ஏர்பேக் லைட் அணையவில்லையா? எங்கே பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் சிவப்பு நிறத்தில் ஏர்பேக் படம் எரியும். பெரும்பாலான கார்களில் ஆறேழு நொடிகளில் அது தானாக அணைந்துவிடும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எரிந்தாலோ, ஏர்பேக் சர்க்யூட்டில் ஏதோ ஒரு பழுதை அதன் இசியூ (ஏர்பேக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி) கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

கார் வழக்கம்போலவே ஓடும். இன்ஜின், பிரேக் எதிலும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் பலர் மாதக்கணக்கில் இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் இந்த லைட் எரியும் நிலையில் மோதல் நடந்தால், பழுதான ஏர்பேக் மட்டுமல்லாமல் மற்ற ஏர்பேக்குகளும், சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனரும்கூட வேலை செய்யாமல் போகலாம். இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கும் வேண்டும் என்ற விதி 2021இல் வந்தது. ஆகவே சின்னக் கார் வைத்திருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஒரு ஆறுதல்: பழுது பெரும்பாலும் ஏர்பேக்கிலேயே இருக்காது. கனெக்டர், வயர், பேட்டரி, சீட் பெல்ட்டை மாட்டும் பக்கிள் இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன்

ஏர்பேக்கின் உள்ளே வெடிமருந்து இருக்கிறது. மோதல் நடந்தால் ஏறத்தாழ 30 மில்லி நொடியில் பை முழுவதும் விரிந்துவிடும். தவறான நேரத்தில் விரிந்தால் முகமும் கையும் உடையும். எனவே மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மல்டிமீட்டரை ஏர்பேக்கிலோ பிரிடென்ஷனரிலோ வைத்து ஓம் அளக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறிய கரண்ட்கூட அதை வெடிக்க வைக்கலாம். டெஸ்ட் லாம்ப்பும் அப்படித்தான். ஒர்க்‌ஷாப்பில் ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு, அதே அளவு ரெசிஸ்டன்ஸ் உள்ள சோதனைக் கருவியை அந்த இடத்தில் மாட்டித்தான் பார்ப்பார்கள்.

ஏர்பேக் வயர்களுக்கான மஞ்சள் நிறக் கனெக்டர் எதையும் பேட்டரி இணைப்பில் இருக்கும்போது கழற்றாதீர்கள். சாவியை ஆஃப் செய்து வெளியே எடுத்து, பேட்டரியின் மைனஸ் டெர்மினலை 10 எம்எம் ஸ்பேனரால் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பிறகு காத்திருக்க வேண்டும். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக இசியூவுக்குள் ஒரு கெப்பாசிட்டர் கரண்ட்டைச் சேர்த்து வைத்திருக்கும். அது காலியாக ஒன்று முதல் மூன்று நிமிடம் ஆகும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. வீட்டில் வேலை செய்பவர்கள் பத்து நிமிடம் விடுவது நல்லது.

ஸ்டியரிங் நடுவில் உள்ள ஏர்பேக் பேடைக் கழற்றும் வேலை தொடக்கநிலையாளருக்கு உரியதல்ல. வீடியோவில் இரண்டு நிமிட வேலையாகத் தெரியும். நம்பி இறங்க வேண்டாம்.

படி 1: லைட் எப்படி எரிகிறது என்று பாருங்கள்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். ஆயில் லைட், பேட்டரி லைட், செக் இன்ஜின் லைட் மூன்றும் எரிந்துகொண்டே இருக்கும். ஏர்பேக் லைட் மட்டும் சில நொடிகளில் தனியாக அணைய வேண்டும்.

அணையவே இல்லை, அல்லது விட்டுவிட்டு மின்னுகிறது என்றால் இப்போதும் பழுது இருக்கிறது, அல்லது பழைய பழுதின் பதிவு அழியவில்லை. பள்ளத்தில் இறங்கும்போதோ சீட்டை நகர்த்தும்போதோ மட்டும் எரிகிறது என்றால் கனெக்டர் தளர்வு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

லைட் எரியவே இல்லை என்றால் அது நல்ல செய்தி அல்ல. பழைய கார் வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விபத்தில் ஏர்பேக் விரிந்த காரில் புதியது மாட்டாமல், மீட்டரில் அந்த லைட்டையே செயலிழக்க வைத்து விற்பவர்கள் உண்டு. ஆயில் லைட்டோடு வயரைச் சேர்த்துவிடுவது இன்னொரு வேலை. அப்படிச் செய்த காரில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் வரை ஏர்பேக் லைட் அணையாது. ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் ஒரே கணத்தில் அணையும். மேலே சொன்ன சோதனை இதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

படி 2: பேட்டரியும் ஃபியூஸும்

பேட்டரி இறங்கியிருந்தாலோ, அண்மையில் ஜம்ப் ஸ்டார்ட் செய்திருந்தாலோ, வோல்டேஜ் குறைந்த பதிவு மட்டும் இசியூவில் நின்றிருக்கலாம். இன்ஜின் ஆஃப் நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்ப்பதில் ஆபத்து இல்லை. டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் ஏர்பேக் ஃபியூஸ் எது என்று இருக்கும். பல கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர். போயிருந்தால் அதே அளவுதான் மாட்ட வேண்டும். மறுபடியும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.

படி 3: பழுதுக் குறியீட்டைப் (கோடு) படியுங்கள், அழிக்காதீர்கள்

ஆன்லைனில் கிடைக்கும் மலிவான ப்ளூடூத் ஓபிடி கருவி (காரின் பழுதுக் கோடுகளைப் படிப்பது) பெரும்பாலும் இன்ஜின் கோடுகளை, அதாவது P என்ற ஆங்கில எழுத்தின் பின் வரும் எண்களை மட்டுமே படிக்கும் என்று பலர் நினைப்பதில்லை. ‘கோடு எதுவும் இல்லை’ என்று அது காட்டினால் ஏர்பேக்கில் பழுது இல்லை என்று பொருள் அல்ல. அது ஏர்பேக் இசியூவோடு பேசவே இல்லை. எஸ்ஆர்எஸ் (ஏர்பேக் அமைப்பு) பிரிவைப் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். கார் எலக்ட்ரீஷியன்கள் சிலரிடம் அது இருக்கும்.

கிடைத்த எண்ணை உங்கள் காரின் நிறுவனத்தோடு சேர்த்தே தேடுங்கள். ஒரே எண் இரண்டு நிறுவனங்களில் இரண்டு அர்த்தம் தரும். உதாரணமாக B1650 என்பது டொயோட்டாவில் சீட்டில் இருப்பவரை அறியும் சென்சாரில் கோளாறு. ஹூண்டாயில் அதே எண் மோதல் பதிவாகிவிட்டது, இசியூவை மாற்ற வேண்டும் என்று சொல்கிறது. இணையத்தில் எண்ணை மட்டும் போட்டுத் தேடி, தேவையில்லாத பாகம் வாங்குபவர்கள் அதிகம்.

கோடு ‘ரெசிஸ்டன்ஸ் அதிகம்’ என்று வந்தால் கனெக்டர் கழன்றோ துருப்பிடித்தோ, வயர் அறுந்தோ இருக்கும். ‘குறைவு’ என்று வந்தால் ஷார்ட். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மஞ்சள் கனெக்டருக்குள் ஒரு சிறிய ஷார்ட்டிங் தகடு இருக்கும். கனெக்டரைக் கழற்றியதும் அது இரண்டு பின்களையும் ஒன்றாக இணைத்து, வெளியிலிருந்து வரும் கரண்ட் ஏர்பேக்கை வெடிக்க வைக்காமல் காக்கும். கனெக்டர் முழுவதும் உள்ளே போகாமல் பாதியில் நின்றால் இந்தத் தகடு விலகாது. அப்போதும் ‘குறைவு’ என்றே கோடு வரும். வயர் ஷார்ட் என்று ஹார்னஸையே (வயர்க் கட்டையே) மாற்றச் சொல்வதற்கு முன், கனெக்டர் ‘க்ளிக்’ என்று உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படி 4: சீட்டுக்கு அடியில்

சீட்டுக்குள்ளேயே பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் பழுதுக்கு முதல் சந்தேகம் இங்கேதான். இரண்டு ஏர்பேக் மட்டுமே உள்ள பல கார்களில் சீட்டுக்கு அடியில் பக்கிள் சுவிட்ச், சீட் சென்சார் வயர்கள் மட்டுமே ஓடும். பிரிடென்ஷனர் கனெக்டர், கதவுகளுக்கு நடுவில் உள்ள தூணின் அடிப்பகுதியில், பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருக்கும்.

இந்த இடம் ஏன் அடிக்கடி கெடுகிறது? சீட் முன்னும் பின்னும் நகரும்போதெல்லாம் வயரும் இழுபடுகிறது. பின்னால் இருப்பவர் கால் படுகிறது. அங்கே உருட்டிவிட்ட தண்ணீர் பாட்டில், குடை, காற்றடிக்கும் பம்ப் எல்லாம் கனெக்டரில் இடிக்கின்றன. எலி கடிக்கிறது. சீட் கவர் போடும் கடையில் சீட்டைத் தூக்கும்போது கனெக்டரைக் கழற்றி, மறுபடி அரைகுறையாக மாட்டிவிடுகிறார்கள். சீட் கவர் போட்ட வாரத்திலேயே லைட் வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

ஏர்பேக் சர்க்யூட்டின் ரெசிஸ்டன்ஸே இரண்டு மூன்று ஓம்தான். கனெக்டர் பின்னில் படியும் மெல்லிய ஆக்சைடு அதோடு சில ஓம் சேர்த்தாலே இசியூ லைட்டைப் போட்டுவிடும். ஆகவே கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற கனெக்டரும் பழுதாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். சீட்டுக்கு அடியில் உள்ள பொருள்களை எடுத்துவிடுங்கள். சீட்டை முழுவதும் பின்னால் தள்ளி முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு முன்னால் தள்ளிப் பின்பக்கத்திலிருந்து. கடிபட்ட வயர், நசுங்கிய உறை, தொங்கும் கனெக்டர், ஈரம் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் சீட்டாக இருந்தால் பேட்டரியைக் கழற்றும் முன்பே நகர்த்திவிடுங்கள்.

பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்த பிறகு, கனெக்டரின் சின்னப் பூட்டை முதலில் விடுவித்து, பிறகு பெரிய கொக்கியை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை இரு பக்கமும் லேசாக அடித்து முழுவதும் காயவிடுங்கள். துருவை இளக்கும் எண்ணெய் ஸ்ப்ரே, கிரீஸ், உப்புத்தாள் மூன்றும் வேண்டாம். பிறகு க்ளிக் சத்தம் வரும்வரை அழுத்தி, சின்னப் பூட்டையும் போடுங்கள். வயர் தொங்கினால், சீட் முழுவதும் நகர இடம்விட்டு, சீட்டின் சட்டத்தில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

அறுந்த மஞ்சள் வயரை முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் வேண்டாம். இன்று லைட் அணையும். அடுத்த மழைக்காலத்தில் அந்த முறுக்கு துருப்பிடிக்கும். ஹார்னஸை மாற்றுவதோ, நிறுவனம் அனுமதிக்கும் முறையில் இணைப்பதோதான் சரி.

பேட்டரியைத் திரும்ப இணைக்கும்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிறகு கதவுக்கு வெளியே நின்று, தலையை ஸ்டியரிங்குக்கு எதிரே கொண்டுபோகாமல், கையை மட்டும் நீட்டிச் சாவியை ஆன் செய்யுங்கள். பல கார்களில் பழுது சரியானாலும் பதிவு நிற்கும். ஸ்கேனரால் அழித்த பிறகே லைட் அணையும். அழித்தும் உடனே திரும்ப வந்தால் பழுது அப்படியே இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

படி 5: பக்கிளும் ஸ்டியரிங்கும்

பக்கிளில் சில்லறை, பிஸ்கட் தூள், சிந்திய டீ எல்லாம் போய் உள்ளே இருக்கும் சுவிட்சைக் கெடுக்கும். பெல்ட்டைப் பத்துமுறை போட்டுக் கழற்றும்போது பெல்ட் லைட் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா என்று பாருங்கள். எப்போதாவது மாறவில்லை என்றால் பக்கிளை மாற்ற வேண்டும்.

ஏர்பேக் லைட்டோடு ஹாரனும் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்களும் வேலை செய்யவில்லை என்றால் அது கிளாக் ஸ்பிரிங். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் நாடா போன்ற கேபிள் அது. புதியதை நடுநிலை பார்க்காமல் மாட்டினால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடும். மெக்கானிக்கிடமே விடுங்கள்.

சீட் சென்சார்: பலர் தவறாகப் புரிந்துகொள்வது

இந்தியாவில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன்சீட்டில் இருப்பது, மெத்தைக்கு அடியில் விரித்த ஒரு அழுத்த மேட். யாராவது உட்கார்ந்தால் ‘பெல்ட் போடு’ என்று ஒலி எழுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. மடிக்கணினிப் பையை வைத்தாலும் கத்தும். அது கோளாறல்ல, பையைக் கீழே வையுங்கள். காலி சீட்டிலும் கத்தினால் இறுக்கமான சீட் கவர் அழுத்துகிறதா, மெத்தையில் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். மெத்தையில் முழங்காலை ஊன்றி ஏறுவது மேட்டை மடக்கி உடைக்கும்.

அமெரிக்காவுக்கான கார்களில் இருப்பது வேறு. உட்கார்ந்திருப்பவரின் எடையைக் கணித்து, சிறு குழந்தை என்றால் ஏர்பேக்கையே அணைத்து வைக்கும் அமைப்பு அது. அதில் சீட்டைக் கழற்றி மாட்டினால் ஸ்கேனரால் பூஜ்ஜிய அளவு மறுபடி பதிய வேண்டும். நம் காரிலும் அப்படித்தான் என்று நம்பிக் குழந்தையை முன்னால் உட்கார வைக்காதீர்கள். பின்புறம் பார்த்தபடி மாட்டும் குழந்தை சீட்டை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் வைக்கவே கூடாது.

ஒலியை நிறுத்தப் பக்கிளில் சொருகும் போலிக் கிளிப் வேண்டாம். ஆன்லைன் கடைகளில் அதை விற்பதை நிறுத்தச் சொல்லி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவிட்டது. பெல்ட் போடாதவர் ஏர்பேக் விரியும் வேகத்தில் நேராக அதன் மேல் போய் விழுவார்.

வெள்ளத்தில் நின்ற கார்

ஏர்பேக் இசியூ பெரும்பாலும் கியர் லீவருக்கு முன்னாலோ பின்னாலோ, தரையோடு ஒட்டி இருக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் போலத் தண்ணீர் சீட் மட்டம் வரை ஏறினால் முதலில் நனைவது இதுவும் சீட் அடிக் கனெக்டர்களும்தான். காய்ந்ததும் லைட் அணைந்தாலும் துரு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். நனைந்த இசியூவை மாற்றுவதே பாதுகாப்பு. காப்பீட்டுக் கோரிக்கையில் அதைக் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

லைட் சொல்லாதது

இந்த லைட் மின் பழுதை மட்டுமே சொல்லும். ஏர்பேக் தயாரித்த ஜப்பானிய நிறுவனமான டகாட்டாவின் இன்ஃப்ளேட்டர்களில் (பையை ஊதும் பாகம்) இருந்த அமோனியம் நைட்ரேட், பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. அந்தக் கார்களில் எந்த லைட்டும் எரியவில்லை. உங்கள் கார் பழையது என்றால், குறிப்பாக ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் என்றால், சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றித் தருவது இலவசம்.

ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏர்பேக்குக்குப் பதிலாக ஒரு சின்ன ரெசிஸ்டரைச் சொருகி லைட்டை அணைப்பவர்களும் உண்டு. ஸ்கேனரால்கூட அதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே கழற்றிய பழைய பாகத்தையும் புதியதின் பில்லையும் கையில் வாங்கிப் பாருங்கள்.