ஹைட்ரோபோனிக்ஸில் செத்த வேர்களைக் கரைக்க என்சைம்: தொடங்குபவர்களுக்கான செய்முறை

மண்ணில்லாமல் கீரையோ லெட்யூஸோ வளர்க்கத் தொடங்குபவர்கள் இலையைப் பார்க்கும் அளவுக்கு வேரைப் பார்ப்பதில்லை. சில அறுவடைகள் போன பிறகுதான் குழாயின் அடியில் பழுப்புப் படலமும் பம்ப் வடிகட்டியில் நார் நாராகக் குப்பையும் கண்ணில் படும். அதில் பெரும்பங்கு செத்த வேர். நோயே இல்லாத செடியிலும் மெல்லிய வேர்கள் செத்து விழுந்துகொண்டும் புதியவை வந்துகொண்டும்தான் இருக்கும். மண்ணில் அவற்றை நுண்ணுயிர்கள் மக்க வைத்துவிடும். சத்துக்கரைசல் தொட்டியில் அந்த வேலைக்கு ஆள் குறைவு. அங்கே தேங்கும் வேர் அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் குறையும். பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகளுக்கும் அது தங்குமிடமாகிவிடும்.

என்சைம் கலவையை ஊற்றுவது இதற்காகத்தான். அதில் பெரும்பாலும் செல்லுலேஸ், ஹெமிசெல்லுலேஸ், பெக்டினேஸ் இருக்கும். செத்த வேரின் செல் சுவரை இவை வெட்டிச் சிறு சர்க்கரைகளாக்கும். என்சைம் என்பது புரதம். உயிருள்ள நுண்ணுயிர் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரத் துணிகளை அரித்த ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தார்கள். டிரைக்கோடெர்மா ரீசி என்ற அந்தப் பூஞ்சையின் வழிவந்த ரகங்களிலிருந்துதான் இன்றும் தொழிற்சாலைகளில் செல்லுலேஸ் எடுக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நோய்க்கு மருந்து இல்லை. பித்தியத்தைக் கொல்லாது, வாடிய செடியை எழுப்பாது. கடையில் எப்படிச் சொல்லி விற்றாலும் சரி, குப்பையைக் கரைப்பது மட்டும்தான் இதன் வேலை. அதை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

படி 1: வேரைப் பாருங்கள்

செடியை நெட் பாட்டோடு (செடி உட்காரும் ஓட்டைக் கிண்ணம்) தூக்கிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ சந்தன நிறத்திலோ இருக்கும், தொட்டால் விறைப்பாக இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கடல்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம் ஊற்றும் தொட்டியில் நல்ல வேரும் பழுப்பேறும். இரண்டு விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேல்தோல் வழுக்கி உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சினால் வேர் அழுகிவிட்டது. கொழகொழப்பும் நாற்றமும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

படி 2: கையால் முடிந்ததைக் கையால் எடுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. கத்தரிக்கோலைச் சுத்தப்படுத்திக்கொண்டு அழுகிய வேர்களை வெட்டி எடுங்கள். தொட்டியின் அடியில் கிடப்பதை அள்ளுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள். குப்பையை அப்படியே விட்டுவிட்டு என்சைம் ஊற்றினால், உடைந்து வரும் சர்க்கரையைத் தின்று பாக்டீரியா பெருகும். பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனை இழுக்கும். கடைசியில் மூச்சு முட்டுவது உங்கள் செடிக்குத்தான்.

படி 3: லேபிளைப் படித்து வாங்குங்கள்

என்சைம்களின் பெயர், அளவு, காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். வெயிலில் அடுக்கி வைத்த பாட்டிலை வாங்க வேண்டாம். செப்டிக் டேங்க் பவுடர், துணி துவைக்கும் என்சைம் இரண்டும் இதற்கு ஆகாது. அவற்றில் வேறு பாக்டீரியாவும் சோப்புப் பொருளும் கலந்திருக்கும். தூளாக வரும் என்சைம் என்றால் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். என்சைம் தூசியைச் சுவாசித்தால் சிலருக்கு ஆஸ்துமா வரை போகும். புதியவர்களுக்கு திரவமே நல்லது.

படி 4: கலப்பது

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது என்சைமைக் கெடுக்கும். ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டு ஒரு நாள் திறந்து வையுங்கள், சாதாரணக் குளோரின் பறந்துவிடும். அப்புறம் வழக்கம்போல் ஏ, பி என்று இரண்டு பாட்டில்களில் வரும் சத்துக்கரைசல்களை ஒவ்வொன்றாகக் கலந்து, பிஹெச் 5.5 முதல் 6 வரை கொண்டுவாருங்கள். இந்தப் பூஞ்சை என்சைம்களுக்கும் ஏறக்குறைய அதே லேசான புளிப்புதான் பிடிக்கும். எல்லாம் கலந்த பிறகு கடைசியாக என்சைம். அடர்த்தியான அமிலத்தோடோ ஏ, பி கரைசலோடோ அதை நேராகக் கலக்கக் கூடாது.

அளவு லேபிளில் உள்ளபடி. லிட்டருக்கு 2 மில்லி என்று போட்டிருந்தால் 40 லிட்டர் தொட்டிக்கு 80 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்தால் பிசகாது. நடுவில் 10 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் அந்த 10 லிட்டருக்கு மட்டும் 20 மில்லி. கரைசலை முழுவதும் மாற்றும்போது மறுபடி முழு அளவு. எப்போதோ ஒரு முறை நிறைய ஊற்றுவதைவிட இப்படிச் சிறுகச் சிறுகத் தொடர்வதே பலன் தரும். லேசாக நுரை வந்தால் பயப்பட வேண்டாம், புரதம் அப்படித்தான்.

ஹைட்ரஜன் பெராக்சைடை இதோடு சேர்த்து ஊற்றாதீர்கள். அது என்சைமைச் சிதைத்துவிடும், இரண்டுக்கும் கொடுத்த காசு வீண். பெராக்சைடு ஏற்கெனவே போட்டிருந்தால் கரைசலை மாற்றிவிட்டுப் பிறகு என்சைம் ஊற்றுங்கள். டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்க் கலவைகளோடு சேர்ப்பதில் தொல்லை இல்லை. டிரைக்கோடெர்மா தானே செல்லுலேஸ் சுரக்கும். ஆனால் டால்க் தூளில் வரும் டிரைக்கோடெர்மா சொட்டுக் குழாயை அடைத்துவிடும், திரவ வடிவில் வாங்குங்கள்.

படி 5: தண்ணீரின் சூடு

நம் ஊர் மொட்டைமாடியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இதுதான். செல்லுலேஸ் 50 டிகிரி செல்சியஸ் பக்கத்தில்தான் மிக வேகமாக வேலை செய்யும், அதனால் சித்திரை வெயில் அதைத் தடுக்காது. செடியின் வேர் அப்படி இல்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். சூடு ஏற ஏற வேரின் தேவை கூடுகிறது, கிடைப்பதோ குறைகிறது, பித்தியத்துக்கும் கொண்டாட்டம். தொட்டியை நிழலுக்கு நகர்த்துங்கள், தெர்மோகோல் சுற்றுங்கள், வெளிப்புறம் வெள்ளை அடியுங்கள், நடுப்பகலில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களை மூடியோடு மிதக்கவிடுங்கள். 22 டிகிரிக்குப் பக்கத்தில் வைக்க முடிந்தால் மிக நல்லது. ஏர் பம்ப் இரவிலும் ஓட வேண்டும். என்சைம் வாங்கும் காசு ஏர் பம்புக்கு உதவும் என்ற நிலை இருந்தால், முதலில் ஏர் பம்ப் வாங்குங்கள்.

படி 6: வேலை செய்கிறதா என்று பாருங்கள்

இரண்டு கண்ணாடி டம்ளரில் அதே சத்துக்கரைசலை ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவு செத்த வேரைப் போட்டு, ஒன்றில் மட்டும் என்சைம் சேருங்கள். நிழலில் வைத்து ஒரு வாரத்துக்கு மேல் கவனியுங்கள். என்சைம் சேர்த்ததில் வேர் சீக்கிரம் இளகி, கிள்ளினால் பிய்ந்துவர வேண்டும். வித்தியாசமே இல்லையென்றால் பாட்டில் கெட்டுப்போயிருக்கலாம். மரத்தன்மை ஏறிய தடித்த வேரை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதில் உள்ள லிக்னினை செல்லுலேஸால் உடைக்க முடியாது.

பெரிய தொட்டியில் கரைசல் கலங்கி நாறினால் காத்திருக்காமல் முழுவதையும் கொட்டி மாற்றிவிடுங்கள்.

கோகோபீட்டை மறுபடி பயன்படுத்த

என் கணக்கில் என்சைமுக்குக் கொடுத்த காசு முழுதாகத் திரும்புவது இங்கேதான். தக்காளியோ வெள்ளரியோ முடிந்த கோகோபீட் (தென்னை நார்த்தூள்) பையில் வேர் வலைபோலப் பின்னியிருக்கும், ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியாது. தண்டை அறுத்து, தடித்த வேர்க்கட்டையைப் பிடுங்கி எடுங்கள். நல்ல தண்ணீர் விட்டுத் தேங்கிய உப்பை வெளியேற்றுங்கள். பிறகு மறுபயன்பாட்டுக்கென்று லேபிளில் தந்திருக்கும் அளவில் என்சைம் கலந்து பை முழுக்க நனையும்படி ஊற்றுங்கள். இது பல தயாரிப்புகளில் வழக்கமான அளவைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருங்கள். காய்ந்தால் என்சைமின் வேலை நின்றுவிடும். கடைசியாக ஒரு முறை அலசி, வடியும் நீரின் ஈசி அளவை (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன்) பார்த்து, அது குறைந்த பிறகு நாற்று வையுங்கள்.

முந்தைய செடி வேரழுகலிலோ வாடல் நோயிலோ செத்திருந்தாலும், வேரில் நூற்புழு முடிச்சு இருந்தாலும், அந்தக் கோகோபீட்டை எத்தனை என்சைம் ஊற்றியும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மற்ற தொட்டிகளிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் அப்புறப்படுத்திவிட்டு, பையையும் குழாயையும் பிளீச்சிங் கரைசலில் கழுவி, நன்றாக அலசிக் காயவைத்துப் புதியதில் தொடங்குங்கள்.