பாங்காக்கில் டாக்சியை விட்டு ரயிலுக்கு மாறினேன்

முதல் பயணத்தில் சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து, மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் சாலையிலேயே போனது. அடுத்த முறை நிலையத்தின் அடித்தளத்துக்கு இறங்கி ஏர்போர்ட் ரயில் லிங்க்கில் ஏறினேன். அரை மணிக்குள் கடைசி நிறுத்தமான பயா தாய். அங்கிருந்து பிடிஎஸ், அதாவது தூண்கள் மேல் ஓடும் நகர ரயில். சியாம் நிலையத்தில் இறங்கி எதிர் நடைமேடையில் சிலோம் தடத்துக்கு மாறினால், ஆற்றங்கரையிலுள்ள சஃபான் தக்சின் நிலையம். பிடிஎஸ்ஸின் பயண அட்டையான ராபிட் கார்டு எம்ஆர்டி சுரங்க ரயிலில் செல்லாது. நுழைவுக் கதவருகே நின்று திணறிய பிறகுதான் இது புரிந்தது. அப்புறம் எம்ஆர்டி டிக்கெட்டுக்கென்று சில்லறையும் கையில் வைத்துக்கொண்டேன்.

சஃபான் தக்சினுக்குக் கீழேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடிப் படகில் வாட் அருண் கோயில் வரை போனேன். நெரிசலே இல்லாத அந்த ஆற்றுவழிதான் எனக்கு மிகப் பிடித்தது.