அகலமுனைப் பேனாவில் தமிழ் எழுத்தணி: புதியவர்களுக்கான செய்முறை

தமிழ்ப்பள்ளியில் உறுப்பெழுத்து என்னும் அழகிய கையெழுத்துப் பயிற்சி பெற்றவர்களுக்கு, ஓர் எழுத்தைத் தொடங்கினால் முடிக்கும்வரை பேனாவைத் தூக்காமல் எழுதுவது கையோடு ஊறிய பழக்கம். காலிகிராஃபி எனப்படும் எழுத்தணிக்கலையை அகலமுனைப் பேனாவில் கற்க வருபவர் முதலில் விட வேண்டியது இப்பழக்கத்தைத்தான். தட்டையான உலோக முனையைக் கீழ்நோக்கியோ வலப்பக்கமாகவோ இழுத்தால் மை சீராக இறங்கும். மேல்நோக்கித் தள்ளினால் முனையின் விளிம்பு தாளைச் சுரண்டும், கோடும் இடையில் விட்டுப்போகும். ப, ம, ய, வ போன்ற நம் எழுத்துகளோ கீழிறங்கி, அடிக்கோட்டில் நகர்ந்து, மீண்டும் மேலேறி முடிபவை. ஆகவே ஒவ்வோர் எழுத்தையும் இழுக்கக்கூடிய கோடுகளாகப் பிரித்து, பேனாவைத் தூக்கித் தூக்கி அடுக்கக் கற்பதே இங்கு முதன்மையான பயிற்சி.

இதைக் கண்ணால் காண வேண்டுமானால், சீனப் புத்தாண்டை ஒட்டிச் சிவப்புத் தாளில் வாழ்த்து வரிகளைத் தூரிகையால் எழுதுவோரின் அருகே சற்று நேரம் நின்று கவனியுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் தனித் தொடக்கமும் முடிவும் உண்டு. தூரிகை எழும்பிய பின்னரே அடுத்த கோடு பிறக்கிறது. பினாங்கில் வாழும் நமக்கு இது செலவில்லாத பாடம்.

தொடங்கத் தேவையானவை

முதல் வாரத்திற்குப் பேனாவே வேண்டாம். இரண்டு பென்சில்களைப் பக்கவாட்டில் சேர்த்து, மேலும் கீழும் ரப்பர் வளையத்தால் இறுகக் கட்டுங்கள். இரு கூர்களும் ஒரே நேரத்தில் தாளைத் தொட்டால், அவை அகலமுனையின் இரு மூலைகளைப் போல நகர்ந்து, கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்பதை வெறும் வெளிக்கோடாகக் காட்டிவிடும். மை மறைத்துவிடும் பிழைகள் இதில் மறையா என்பதால், விலையுயர்ந்த பேனாவைவிட இதையே நான் சிறந்த ஆசிரியராகக் கருதுகிறேன்.

அதன்பின், இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே மை இறங்கும் பைலட் பேரலல் பேனா புதியவர்களுக்கு வசதியானது. அது 1.5, 2.4, 3.8, 6.0 மி.மீ. உள்ளிட்ட அளவுகளில் வருகிறது, அவற்றுள் 3.8 மி.மீ. முனையை வாங்குங்கள். சிறிய முனையில் குறைகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. தூரிகை எழுத்துக்கான சீனப் புட்டி மை ஜார்ஜ்டவுனில் எளிதில் கிடைக்கும் என்றாலும், கரியும் பசையும் கலந்த அந்த மையை இப்பேனாவில் ஊற்றக்கூடாது; உலர்ந்தால் உள்ளே அடைத்துக்கொள்ளும். தொட்டெழுதும் முனைக்கு அது பொருந்தும்.

பென்சில் பயிற்சிக்குச் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரண நகல் தாள் போதும். பேனாவுக்கு 100 கிராமுக்குக் குறையாத வழவழப்பான தாள் நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், நேற்று ஒழுங்காக இருந்த தாளில்கூட இன்று மை மயிரிழைகளாகப் பரவக்கூடும். தாள்களை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பையுடன் வைத்திருங்கள்.

கோடு போடுதல்

எழுத்தின் உயரத்தைப் பேனா முனையின் அகலத்தால் அளப்பது இக்கலையின் வழக்கம். முனையைப் பக்கவாட்டில் திருப்பி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு கட்டங்களை ஏணிபோல் அடுக்கி அந்த அளவைப் பெறுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இக்கலைக்குப் புத்துயிர் ஊட்டிய எட்வர்ட் ஜான்ஸ்டனின் அடிப்படை எழுத்துமுறையில், ஆங்கிலச் சிற்றெழுத்தின் உடல், அதாவது மேலே எழும், கீழே இறங்கும் பகுதிகள் நீங்கலான நடுப்பகுதி, நான்கு முனை அகலம் கொண்டது. பெரும்பாலான பயிற்சி ஏடுகள் சொல்லும் அந்த நான்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று சுழி ‘ண’வை நான்கு அகலத்திற்குள் எழுதினால் சுழிகளின் உட்புறம் மையால் அடைந்து கறுப்புத் திட்டாகிவிடும். உடலுக்கு ஐந்து, விசிறிக்கும் (‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் மேல்வளைவு) புள்ளிக்கும் மேலே மூன்று, ‘ழ’, ‘ற’, ‘து’ ஆகியவற்றின் இறக்கத்திற்குக் கீழே மூன்று என ஒரு வரிக்குப் பதினோர் அகலம் ஒதுக்குங்கள். 3.8 மி.மீ. பேனாவில் உடல் 19 மி.மீ., முழு வரி ஏறத்தாழ 42 மி.மீ.; ஓர் ஏ4 தாளில் ஓரம் விட்டு ஆறு வரிகள் அமையும்.

சாய்வு

முனையின் விளிம்பு எழுதும் கோட்டுடன் 30 பாகைச் சாய்வில் இருக்கட்டும். எழுத்து எப்படி வளைந்தாலும் இச்சாய்வு மாறக்கூடாது. சரிபார்க்க ஒரு கூட்டல் குறி போடுங்கள். 3.8 மி.மீ. பேனாவில், 30 பாகையில் நிமிர்ந்த கோடு சுமார் 3.3 மி.மீ., படுத்த கோடு 1.9 மி.மீ. தடிமன் பெறும், இரண்டும் ஒரே தடிமனாக வந்தால் சாய்வு 45 பாகைக்கு ஏறிவிட்டது என்று பொருள். தமிழில் அடிக்கோட்டில் படுத்திருக்கும் கோடுகள் மிகுதி. அவை தடித்தால் வரி முழுவதும் கீழே கனத்துத் தொங்கும். 30 பாகையை நான் வலியுறுத்துவது அதனால்தான். இடக்கையர்கள் மணிக்கட்டை முறுக்காமல், தாளைத் திருப்பி இதே சாய்வைப் பெறலாம்.

எழுத்துகளைப் பிரித்தல்

‘ட’விலிருந்து தொடங்குங்கள். கீழே ஓர் இழுப்பு, வலப்பக்கம் ஓர் இழுப்பு. மூலையில் பேனாவைச் சுழற்றாமல் திசையை மட்டும் மாற்றினால் எழுத்து முடிந்தது. ‘ப’ எழுத, அதே ‘ட’வை எழுதிப் பேனாவைத் தூக்கி, வலக்காலை மேலிருந்து இறக்கி அடிக்கோட்டோடு சேருங்கள். இந்தச் சேர்க்கையில்தான் பலர் தடுமாறுவார்கள்: இறங்கும் கால் அடிக்கோட்டைத் தாண்டக்கூடாது, முன்னதாகவும் நின்றுவிடக்கூடாது. ஒரு பக்கம் நிறைய ‘ப’ மட்டுமே எழுதுவது சலிப்பூட்டினாலும், அடுத்துவரும் எழுத்துகள் யாவும் இந்த ஒரு சேர்க்கையை நம்பியிருக்கின்றன. ‘ம’வுக்கு வலப்புற வளைவின் உச்சியிலிருந்து இரண்டு கோடுகள் பிறக்கின்றன, ஒன்று இடப்புறமாக வளைந்து உள்ளே இறங்கும், மற்றொன்று வலப்புறமாக வளைந்து வெளியே இறங்கும். உச்சியில் அவை பிரியும் இடம் மெலிந்திருந்தால் சாய்வு சரியாக இருக்கிறது.

சுழிகளையும் இவ்வாறே இரண்டு பிறைகளாக எழுத வேண்டும்: உச்சியில் தொடங்கி இடப்பிறை, மீண்டும் உச்சியில் தொடங்கி வலப்பிறை. ஒரே சுற்றில் முடிக்க முயன்றால் மேலேறும் பாதியில் பேனா சண்டித்தனம் செய்யும். ‘வ’, ‘ன’, ‘ண’, ‘ள’ என்ற வரிசையில் சுழிப் பயிற்சியைத் தொடருங்கள். க, ச, த மூன்றும் தண்டையும் குறுக்குக்கோட்டையும் பகிர்பவை என்பதால் அவற்றை ஒரே நாளில் சேர்த்துப் பயில்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கொம்பு, கால், விசிறி ஆகியவை தனி எழுத்துகள் அல்ல எனினும், அவற்றின் தடிமன் உடலின் தடிமனோடு ஒத்திருக்க வேண்டும். புள்ளிக்கு முனையைத் தாளில் வைத்துச் சிறிதளவு கீழே இழுத்தால் சாய்ந்த கட்டம் கிடைக்கும். வட்டமாக வரைய வேண்டியதில்லை.

ஒரு வாழ்த்து அட்டை

‘தீபாவளி வாழ்த்துகள்’ என்ற தொடர் முதல் வேலைக்கு ஏற்றது. விசிறி, கால், புள்ளி, இறக்கம் அனைத்தும் அதில் உண்டு. 2.4 மி.மீ. பேனாவில் இரண்டு சொற்களையும் தனித்தனி வரியாக வேறொரு தாளில் எழுதி, பட்டைகளாக வெட்டி, அட்டைமீது நகர்த்திப் பாருங்கள். முதல் வரி ‘தீ’, ‘ளி’ ஆகியவற்றின் விசிறிகளால் மேல்நோக்கி எழும், இரண்டாம் வரி ‘ழ்’, ‘து’ ஆகியவற்றால் கீழ்நோக்கி நீளும். ஆதலால் வரிகளுக்கு நடுவே நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைந்த இடைவெளியே போதும். எழுத்துகளுக்கிடையே அளவுகோலால் சம தூரம் வைக்காமல், இடைப்பட்ட வெள்ளைப் பரப்பு சமமாகத் தெரியும்படி வையுங்கள்: ‘பா’வின் காலுக்கும் ‘வ’வின் சுழிக்கும் இடையே நெருக்கலாம், நிமிர்ந்த இரு கோடுகள் அடுத்தடுத்து வந்தால் விலக்க வேண்டும்.

இடம் முடிவானதும் ஒவ்வொரு பட்டையின் நடுவையும் மடித்துக் கண்டு, அட்டையின் நடுக்கோட்டுடன் பொருத்தி, பென்சிலில் மெல்லிய வரிகள் இட்டு எழுதுங்கள். மழைக்காலத்தில் மை உலர வெகுநேரம் ஆகும். பென்சில் கோடுகளை மறுநாள் அழியுங்கள்.